தட்டில் எட்டாவது பொருள்

தஞ்சாவூர்
8.10.2023

செம்மொழிக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன். மூன்று வருடம் ஆகப்போகிறது. உன் எண்ணை என் ஃபோனில் தடுத்து வைத்தவனும் நான்தான், இப்போது எழுதுகிறவனும் நான்தான். முகவரி உன் அண்ணி சுடர்விழியின் பழைய டைரியில் இருந்தது.

இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை. அங்கேயும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் ஊர்ப் பத்திரிகையில் உன் படம் வந்திருக்கிறது. கையில் தட்டு. அதில் பன்றி இறைச்சி, பன்றிக் குடலில் அடைத்த என்னவோ, கறுப்பாக இரண்டு வில்லை. கீழே நீ சொன்னதாக ஒரு வரி: "நன்னிலம் பக்கத்துக் கிராமத்தில் என் அம்மா அம்சவல்லி ஞாயிறுதோறும் ரத்தம் சமைப்பார்." சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ அதைப் போட, சுற்றிச் சுற்றி எங்கள் கல்லூரி ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டது. "சார், இது உங்க சிஸ்டரா? முகச்சாயல் இருக்கே" என்று வரலாற்றுத் துறை பரணிதரன் கேட்டார். தூரத்து உறவு என்றேன்.

இந்த மாடியில் பதினாறு வருடமாகக் குடியிருக்கிறேன். கீழே வீட்டுக்காரர் காயாரோகணம். குப்பையில் முட்டை ஓடு கிடந்தாலே பஞ்சாயத்து வைப்பார். வீடு கேட்டு வந்த அன்று "சைவம்தானே நீங்க?" என்றார். ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல்லின் மேல்தான் இத்தனை வருடம் படுத்துத் தூங்குகிறேன். நீ கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு அதை அச்சில் உடைக்கிறாய், அதுவும் அம்மாவின் பெயரோடு.

கல்யாணம் செய்துகொண்ட பிறகு எனக்கு மெசேஜ் அனுப்பினாய். அம்மா போனபோது விமானத்தை நிறுத்திவிட்டார்கள் என்றாய். இரண்டுக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இதற்குச் சொல்கிறேன். அந்த வரியை எடுக்கச் சொல்.

வீ. இளம்பரிதி


யார்க்‌ஷயர்
25.10.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

செம்மொழியின் வணக்கம். நானும் இவரும் சுகம். அண்ணிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே இருந்தது திட்டுதான். பரவாயில்லை, மூன்று பக்கத் திட்டு.

அச்சானதை எடுக்க முடியாது அண்ணே. உங்களுக்குச் சங்கடம் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அது என் தப்பு. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுதுகிறேன்.

டாரதி என்ற அம்மாவின் சாப்பாட்டுக் கடையில் ஆறு வருடமாகச் சமைக்கிறேன். அவருக்கு எழுபத்து நான்கு வயது. முட்டி தேய்ந்துவிட்டது. மார்ச் முடிவில் கடையை யாரிடமாவது விட்டுவிடப் போகிறார். எனக்குத் தர ஆசை. ஆனால் ஒரு நிபந்தனை. அவர் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடை காலை உணவுக்குத்தான் பேர் போனது, அதில் ஒன்றும் குறையக் கூடாது. தட்டில் எட்டு: முட்டை, பேக்கன், சாஸேஜ், சுட்ட தக்காளி, காளான், பீன்ஸ், அந்தக் கொழுப்பிலேயே பொரித்த ரொட்டி, எட்டாவதாகக் கறுப்புப் புட்டிங். உருளைக்கிழங்கு வடை மாதிரி ஒன்றைப் பக்கத்துக் கடையில் வைக்கிறார்கள். அது அமெரிக்காக்காரன் சரக்கு, என் வாசலுக்குள் வரக் கூடாது என்பார் டாரதி.

கறுப்புப் புட்டிங் என்பது பன்றி ரத்தத்தில் செய்வது. இத்தனை நாள் செய்து கொடுத்த கறிக்கடைக்காரர் போன மாதம் கடையை மூடிவிட்டார். தொழிற்சாலையில் வருவதைத் தின்று பார்த்து, "இது தாரு, ரோட்டுல ஊத்து" என்றார் டாரதி. பிறகு என்னைப் பார்த்து, "உங்க அம்மா செய்வாங்கன்னு சொன்னியே, செய்யேன்" என்றார். பத்திரிகைக்காரர் வந்தது அந்த வாரம்தான்.

அண்ணே, நான் தின்றிருக்கிறேன், செய்ததில்லை. அம்மா பக்கத்தில் நின்றது நீங்கள்தான். எனக்கு அப்போது ஐந்தாறு வயது. எப்படிச் செய்வார்கள் என்று எழுதுங்கள். உங்களைத் தவிர அதைத் தெரிந்தவர் யாரும் உயிரோடு இல்லை.

உங்கள் தங்கை
செம்மொழி


தஞ்சாவூர்
12.11.2023

செம்மொழிக்கு,

எல்லோரும் நலம். இன்று தீபாவளி. கீழ்வீட்டிலிருந்து அதிரசம் வந்தது, சாப்பிட்டோம்.

நீ எழுதிய எட்டில் பேக்கன் என்ற சொல்லை நான் முதலில் பார்த்தது பி.ஏ. முதலாண்டு ஆங்கில உரைநடைப் பாடத்தில். அது என்ன சார் என்று ஒருவன் கேட்டான். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அது வெள்ளைக்காரர்கள் காலையில் சாப்பிடும் உயர்ந்த வகை இறைச்சி" என்றார். வகுப்பே எழுதிக்கொண்டது. அது பன்றி என்று எனக்குத் தெரியும். அகராதியில் பார்த்திருந்தேன். கடைசி பெஞ்சில் நானும் "உயர்ந்த வகை இறைச்சி" என்று எழுதிக்கொண்டேன். அதற்கு முந்தின வாரம்தான் விடுதியில் என் தட்டைத் தனியாக வைத்திருந்தார்கள். ஊரில் நாம் என்ன தின்போம் என்று யாரோ ஒருவன் சொல்லிவிட்டிருந்தான்.

இருபத்திரண்டு வருடமாக நானும் அந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஒரு மாணவனும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

இதிலிருந்து உனக்குப் புரிய வேண்டும். அவர்கள் தின்றால் பாரம்பரியம், பத்திரிகையில் படம். நாம் தின்றால் தனித் தட்டு. இப்போது அவர்களுக்கு ஆக்கிப்போட அம்மாவின் கைப்பக்குவம் வேண்டுமா?

எனக்கு நினைவில்லை. நான் சமையற்காரன் இல்லை.

வீ. இளம்பரிதி


யார்க்‌ஷயர்
3.12.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். குளிர் ஆரம்பித்துவிட்டது, மற்றபடி சுகம். அங்கே மழை நின்றதா?

விடுதித் தட்டுக் கதை எனக்குத் தெரியாது. நீங்கள் அப்போது லீவுக்கு வந்து அம்மா வைத்த குழம்பைத் தொடாமல் எழுந்துபோனது மட்டும் தெரியும். கொழுப்பு ஏறிப்போச்சு என்று அப்பா சொன்னார். அம்மா குழம்புச் சட்டியை மூடி வைத்தார்.

இவரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் சொன்னதில்லை. ஃபாஜிலுக்குச் சொந்த ஊர் நாகூர். பன்றியும் ரத்தமும் அவருக்கு ஆகாது. கடையில் முட்டை, தக்காளி, காளான், தேநீர் அவர் பொறுப்பு. மற்றது என் பொறுப்பு. தனி அடுப்பு, தனிச் சட்டி. நான் ரத்தத்தைக் கலக்கும்போது வாசல் வரை போய் நின்றுகொண்டு, "வெந்துச்சா? வாசன நல்லாத்தான் இருக்கு, அதுதான் கஷ்டமா இருக்கு" என்பார். அவர் தின்ன மாட்டார். ஆனால் நான் தின்பதை ஒருநாளும் மறைக்கச் சொன்னதில்லை.

ரத்தம் வாங்க அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டேன். எனக்கு நினைவிருக்கிற மாதிரி உப்புப் போட்டு உறையவைத்து, வேகவைத்து, வெங்காயத்தோடு வதக்கினேன். ருசி கிட்ட வந்துவிட்டது. ஆனால் பொடிப்பொடியாக உதிர்கிறது. "இதுக்கு ஃபோர்க் எதுக்கு, ஸ்பூன் குடு" என்றார் டாரதி. அம்மா செய்தது வில்லையாக நிற்குமே?

இன்னொன்று. 29-ஆம் தேதி அம்மாவுக்கு மூன்று வருடம். கடைசி மாதம் முழுக்க உங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். சாப்பிட ஏதாவது ஆசையாகக் கேட்டார்களா? அன்று இங்கே அதைச் செய்து படைக்கலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் தங்கை
செம்மொழி


தஞ்சாவூர்
28.12.2023

செம்மொழிக்கு,

நலம். உன் கடிதம் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. தேர்வுத்தாள் திருத்தும் வேலை.

இந்த வருடம் ஆற்றில் தண்ணீர் போதவில்லை. நம் ஊர்ப் பக்கம் சம்பாவை மழையை நம்பித்தான் விட்டார்கள். குத்தாலம் பெரியப்பாவுக்குக் கண் அறுவைசிகிச்சை நடந்தது, பார்த்துவிட்டு வந்தேன். உருளைக்கிழங்கு வடையைப் பற்றி அந்த அம்மா சொல்வது சரிதான். என்னிடம் உள்ள புத்தகங்களிலும் அது இல்லை. டின்னில் வரும் பீன்ஸும் பிற்பாடு சேர்ந்ததுதான், அவரிடம் சொல். காளான் வைக்கோல் போரடியில் மழைக்கு முளைப்பதுதான் ருசி. அங்கே வைக்கோல் கிடைக்காது.

நாளை இலை போட்டு, அம்மா படத்துக்குச் சாம்பார், உருளைப் பொரியல், பாயசம் வைக்கிறோம். காயாரோகணம் மனைவி பூக் கொடுத்தனுப்பினார்.

நீ கேட்ட மற்றதற்கு எழுத ஒன்றுமில்லை.

வீ. இளம்பரிதி


யார்க்‌ஷயர்
21.1.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள், தாமதமாக. எனக்கு ஜலதோஷம், இவருக்கு இருமல், வேறொன்றுமில்லை.

பீன்ஸ் விஷயத்தை டாரதியிடம் சொன்னேன். "உங்க அண்ணன் புரொஃபசரா? அவர கடைக்கு வரச் சொல்லு, சண்ட போடணும்" என்றார்.

ஐந்தாம் தடவையும் உதிர்ந்தது. அம்மாவின் வில்லையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரியும். தேங்காய் என்று நினைத்துத் துருவிப் போட்டேன். பிஸ்கட் மாதிரி இனித்தது. டாரதி ஒரு வாய் தின்றுவிட்டு நாகரிகமாகத் தேநீர் கேட்டார். இங்கே ஓட்ஸ் போடுவார்களாம். அதைப் போட்டால் இவர்கள் ருசி வருகிறது, அம்மா ருசி போய்விடுகிறது. அந்த வெள்ளை என்ன அண்ணே?

சாம்பாரும் பாயசமும் வைத்தோம் என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்குப் பாயசம் பிடிக்காது. நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்கள் தங்கை
செம்மொழி


யார்க்‌ஷயர்
22.2.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலம்தானே? ஒரு மாதமாக அவரிடமிருந்து கடிதம் இல்லை, பயமாக இருக்கிறது. நான் கேட்டதில் ஏதோ ஒன்று அவருக்குப் பிடிக்கவில்லை. அம்மா கடைசியில் என்ன கேட்டார்கள் என்றுதான் கேட்டேன். உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

மார்ச் 24 ஞாயிறு டாரதி முழுத் தட்டையும் ருசி பார்க்கிறார். லீட்ஸிலிருந்து ஒரு தம்பதியும் கடையைக் கேட்கிறார்கள்.

உங்கள்
செம்மொழி


தஞ்சாவூர்
8.3.2024

அன்பு செம்மொழிக்கு அண்ணி எழுதுவது.

இங்கே நலம்மா. முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு ஓட்டுகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். உன் கடிதங்களை மேசையில் வைத்து எடுத்துப் பார்க்கிறார், மடிக்கிறார், திரும்பவும் எடுக்கிறார். பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறார். நான் கேட்பதில்லை. கேட்க வேண்டாம் என்று அத்தை சொல்லியிருக்கிறார்கள்.

நீ கேட்டதால் எழுதுகிறேன். அத்தை ஆசைப்பட்டது ரத்தப் பொரியல்தான். நான் மருந்து வாங்கப் போயிருந்த அன்று இவர் தூக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். என்ன அத்தை என்றேன். "தம்பி வாங்கிட்டுத்தான் வந்துச்சு. கீழ வீட்டுக்காரரு நின்னுட்டாரு. பாவம், அப்படியே திரும்பிப் போயிடுச்சு. கட மூடியிருந்துச்சுன்னு சொல்லுது. நீ ஒண்ணும் கேட்டுக்காத தாயி" என்றார்கள்.

அதனால் நான் கேட்கவில்லை. அத்தை பார்த்தது இவருக்குத் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்று உன் இஷ்டம். எனக்குத் தைரியமில்லை.

அண்ணி
சுடர்விழி


யார்க்‌ஷயர்
27.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ருசி பார்த்தார். மற்ற ஏழு பொருளையும் சுத்தமாகத் தின்றார். எட்டாவதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டார். "ஏப்ரல் கடைசி வர பாக்கறேன், அதுக்கு மேல என் முட்டி தாங்காது" என்றார். ஏப்ரல் முப்பதுக்குள் சரியாக வரவில்லை என்றால் கடை லீட்ஸ்காரர்களுக்கு.

அதைவிட முக்கியமானது வேறு. அண்ணி எழுதியதை அப்படியே பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அவரைக் கோபிக்காதீர்கள், கேட்டது நான். அம்மா ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறார்கள் அண்ணே. உங்களை அவர்கள் தப்பாக நினைக்கவில்லை. நீங்கள் இதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடக் கூடாது என்றுதான் அனுப்புகிறேன்.

பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் சரி.

செம்மொழி


தஞ்சாவூர்
8.4.2024

செம்மொழிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. சுடர்விழியைக் கோபிக்கவில்லை. இங்கே வெயில் கடுமை, மற்றபடி இருவரும் நலம்.

முதலில் உனக்கு வேண்டியது. அந்த வெள்ளை தேங்காய் அல்ல, நொய். அப்பாவுக்குக் கூலியாக அளந்த நெல்லை அரைத்தால் உடைந்து நிற்கும் அரிசி. ஒரு ஆட்டு ரத்தம் ஐந்து பேருக்குக் காணாது என்று அம்மா அதைச் சேர்த்தார். ருசிக்காக அல்ல.

ஏனத்தில் முதலிலேயே ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் இருக்க வேண்டும். ரத்தம் அதன் மேல் விழ வேண்டும், விழும்போதே கை விடாமல் கலக்க வேண்டும். நீ உறைய விடுகிறாய், அதனால்தான் உதிர்கிறது. ஒரு லிட்டருக்கு இரண்டு கைப்பிடி நொய், அரைவேக்காடு, வடித்து ஆறவைத்தது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், இடித்த மிளகு, பொடியாக நறுக்கிய கொழுப்பு. எண்ணெய் தடவிய கிண்ணத்தில் ஊற்றி இட்லிப் பானையில் முக்கால் மணி நேரம். கத்தி சுத்தமாக வெளியே வந்தால் வெந்துவிட்டது. முழுக்க ஆறிய பிறகுதான் வில்லை போட வேண்டும். சூட்டோடு வெட்டினால் போயிற்று. பிறகு தோசைக்கல்லில் இரண்டு பக்கமும்.

நினைவிலிருந்து எழுதவில்லை. நேற்று செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஜன்னல்களைச் சாத்தி, இரண்டு ஊதுவத்தி கொளுத்தி வைத்துத்தான் செய்தேன். அதற்கு மேல் தைரியம் வரவில்லை. சாயங்காலம் மாடிப்படியில் காயாரோகணம், "என்ன சார், ஏதோ வாசன?" என்றார். சமையல் என்றேன். என்ன சமையல் என்று அவரும் கேட்கவில்லை.

இனி நீ கேட்டது.

அம்மா கேட்டார்கள். டிசம்பர் பாதி இருக்கும், கஞ்சிகூட இறங்காத நேரம். "ரெண்டு வாய் திங்கணும்போல இருக்குப்பா" என்றார்கள். வெண்ணாற்றுப் பாலம் தாண்டிப் போய், உப்புத் தண்ணீர் ஊற்றிய தூக்கில் வாங்கினேன். கீழே கேட்டைப் பிடித்துக்கொண்டு காயாரோகணம் நின்றார். "என்ன சார், பாலா?" என்றார். ஆமாம் என்றேன். "இந்நேரத்துல பால்காரன் இருக்கானா? காட்டுங்க, தண்ணியா இருக்கான்னு பாப்போம்" என்று மூடியில் கை வைக்க வந்தார். "திரிஞ்சுபோச்சு சார், திருப்பிக் கொடுக்கத்தான் போறேன்" என்று சொல்லித் திரும்பி நடந்தேன். தெருமுனைச் சாக்கடையில் ஊற்றினேன். குழாயில் தூக்கைக் கழுவினேன். மேலே வந்து, கடை மூடியிருந்தது என்றேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "கையக் கழுவிட்டு வாப்பா" என்றார்கள்.

கையைக் குழாயிலேயே கழுவியிருந்தேன். விரல் இடுக்கில் ஏதாவது தெரிந்ததா, வாசனை வந்ததா என்று மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் என் நினைப்பில் வரவே இல்லை. அது தெருவைப் பார்த்த ஜன்னல்.

அவர்கள் என்னைத் தப்பாக நினைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது அவர்கள் குணம். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. பாவம் என்று சொன்னார்களாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

நீ வராததை நான் மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. விமானம் ஜனவரியில் ஓடியது. நீ அப்போதும் வரவில்லை. அது வேறு கணக்கு, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் உன்மேல் கோபமாக இருக்கும் நேரத்தில் இந்த இன்னொன்றை, சாக்கடையில் ஊற்றியதை, நினைக்க வேண்டியதில்லை. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இதையும் நீ தெரிந்துகொள்.

நேற்று நானும் சுடர்விழியும் ஆளுக்கு இரண்டு வில்லை தின்றோம். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. உப்பு சற்றுக் கூடிவிட்டது, டம்ளருக்கு ஒரு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். பன்றி ரத்தத்துக்கு மிளகு கொஞ்சம் கூடத் தேவைப்படலாம், நீ பார்த்துக்கொள். நொய் கிடைக்காவிட்டால் பச்சரிசியை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விடு. ஃபாஜிலை வாசலில் நிற்க வைக்காதே, குளிரும்.

மணி மூன்றரை. பெரிய தபாலாபீசில் ஸ்பீட் போஸ்ட் நான்கு மணியோடு சரி. இன்று போனால் இருபதாம் தேதிவாக்கில் உன் கைக்கு வரும், பத்து நாள் மிச்சம் இருக்கும். கீழே பெயரை எழுதப் போனால் மேலிருந்து ஒரு தடவை படித்துப் பார்க்கத் தோன்றும். படித்தால் கிழித்துவிடுவேன். பெயர் போடாமலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன்.